மன்னர்களின் தன்பால் காதல்: 21 பேர் பட்டியலில் எதை வைப்பது, எதை வெட்டுவது?

குகை வாசகர் | 2 ஜூன், இரவு 9.15

வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றுகிறது: "தன்பால் காதல் கொண்ட 21 மன்னர்கள்". அலெக்சாண்டர், ரோமின் ஹேட்ரியன், சீனத்து ஐ பேரரசர், இங்கிலாந்தின் சிங்கநெஞ்சன் ரிச்சர்டு, இரண்டாம் எட்வர்டு, டில்லியின் அலாவுதீன் கில்ஜி, பாபர், மறுபடி இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ், ராணி ஆன், பிரஷ்யாவின் பிரெடரிக், ஆப்பிரிக்காவில் புகாண்டாவின் முவாங்கா என்று நீண்டு, கடைசியில் குஜராத்தின் ராஜ்பிப்ளா இளவரசர். ஆதாரம் என்று ஒரு வரி கிடையாது. மாதக் கடைசி ஞாயிறு அஸ்தம்பட்டியில் வாசிப்பு வட்டம் கூடும்போது இதை 32 பக்கச் சிறு வெளியீடாகக் கொடுக்கலாம் என்று யோசனை. என் வாதம் இதுதான்: "அரசன் அவன்மேல் உயிரையே வைத்திருந்தான்" என்று பழைய நூல் எதிலாவது இருந்தால் போதும், சேர்த்துவிடலாம். அதற்குமேல் படுக்கையறைச் சாட்சியா கேட்க முடியும்? ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்க.

நாகலூர் மிளகு | 2 ஜூன், இரவு 10.40

இருக்கிறது தம்பி. "உயிரையே வைத்திருந்தான்" என்று எழுதுகிற ஆள் பெரும்பாலும் அந்த அரசன் விழுந்தபிறகு, அவனை வீழ்த்தியவனிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதுகிறவன். அவன் எழுத்தை மட்டும் வைத்துச் சேர்த்தால் 21 என்ன, 210 பேர் தேறுவார்கள். காதலை நேராகத் தேடாதே. அது கடந்துபோன வழியில் கிடக்கும் காகிதத்தைத் தேடு. நிலக்கொடை, பட்டம், சம்பளப் பதிவு, சாவுச் செலவு, கல்லறைக்கு ஒதுக்கிய இடம். கஜானாக் கணக்குக்கு வம்பு பேசத் தெரியாது.

இரண்டாம் எட்வர்டையே எடு. அப்பா முதலாம் எட்வர்டு செத்தது 7 ஜூலை 1307. அவரால் நாடு கடத்தப்பட்டிருந்த மகனின் தோழன் பியர்ஸ் கேவ்ஸ்டனுக்கு 6 ஆகஸ்ட் 1307 அன்று கார்ன்வால் பிரபுப் பட்டம் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. முப்பதே நாள். கார்ன்வால் சும்மா ஒரு ஊர் இல்லை, அரச குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த சொத்து. நவம்பரில் எட்வர்டு தன் அக்கா மகளையே அவருக்குக் கட்டிவைக்கிறார். ஜனவரி 1308இல் தன் கல்யாணத்துக்காக பிரான்ஸ் போகும்போது நாட்டைப் பார்த்துக்கொள்ள விட்டுப்போனதும் கேவ்ஸ்டனைத்தான். பிப்ரவரியில் முடிசூட்டு ஊர்வலத்தில் மகுடத்தைச் சுமந்து வந்ததும் அவரே. பிரபுக்கள் மறுபடி விரட்டுகிறார்கள். எட்வர்டு அவரை அயர்லாந்துக்கு ஆளுநராக அனுப்பி, தண்டனையையே பதவியாக்கிவிடுகிறார். 19 ஜூன் 1312இல் வாரிக் அருகே கேவ்ஸ்டனின் தலையை வெட்டினார்கள். திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர் என்பதால் உடனே அடக்கம் செய்ய வழியில்லை. இரண்டரை ஆண்டு உடலைப் பாதுகாத்து வைத்திருந்து, ஜனவரி 1315இல் தான் நிறுவிய லாங்லி மடத்தில் எட்வர்டு அடக்கம் செய்தார்.

இவ்வளவும் ஆவணம். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் எட்வர்டைக் கொன்றார்கள் என்ற கதை மட்டும் வேண்டாம். 1327இல் பெர்க்லி கோட்டையில் செத்தபோது எழுதியவர்களிடம் அது இல்லை, பிறகு முளைத்தது. பட்டியல்காரர் அதைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருப்பார், பார்.

குகை வாசகர் | 2 ஜூன், இரவு 10.52

தடித்த எழுத்தில். கூடவே மண்டையோடு படம்.

ஆத்தூர் கிச்சிலி | 3 ஜூன், காலை 6.30

எட்வர்டுக்கு மனைவி இசபெல்லாவிடம் நாலு பிள்ளை, வெளியில் ஆடம் என்று ஒரு பையன். இவரை எப்படிப் பட்டியலில் வைப்பது?

நாகலூர் மிளகு | 3 ஜூன், காலை 7.05

வாரிசு பெறுவது அரச உத்தியோகம் கிச்சிலி. பிள்ளை இருப்பது எதையும் மறுக்காது, இல்லாதது எதையும் நிரூபிக்காது. இந்த அளவுகோலை இரண்டு பக்கமும் தூக்கிப் போடு. ஜேம்ஸுக்கு ஏழு பிள்ளை. ராணி ஆனுக்கு 17 தடவை கருத்தரிப்பு, ஒன்றும் தங்கவில்லை. பிரெடரிக்குக்கு ஒன்றும் இல்லை. மூவர் கதையும் வேறு வேறு.

எட்வர்டு விஷயத்தில் உருப்படியான எதிர்வாதம் வேறு. அவரும் கேவ்ஸ்டனும் சத்தியம் செய்து உடன்பிறப்பு ஒப்பந்தம் போட்டுக்கொண்டவர்கள் என்று வரலாற்றாசிரியர் பியர் சாப்லே 1994இல் எழுதினார். ஆவணம் அதற்கும் பொருந்துகிறது. அதனால் எட்வர்டுக்கு முழு மதிப்பெண் போடமாட்டேன், பாதிதான்.

அம்மாபேட்டை தறி | 3 ஜூன், இரவு 8.20

டில்லிப் பகுதியை நான் பார்க்கிறேன். பட்டியலில் அலாவுதீன்–மாலிக் கபூர் "அமரக் காதல்" என்று போட்டிருக்கிறது. 1299 குஜராத் படையெடுப்பில் காம்பேயில் பிடிபட்ட அடிமை கபூர்; விரை நீக்கப்பட்டவர்; ஆயிரம் தினார் விலை போனவர் என்பதால் "ஹசார் தினாரி". மதுரை வரை வந்த அதே கபூர், 1311.

இப்போது சாட்சியைப் பாருங்க. காதல் என்ற பேச்சு பெரிதாக வருவது வரலாற்றாசிரியர் ஜியாவுதீன் பரனியிடம். அலாவுதீன் செத்தது 1316. பரனி நூலை முடித்தது 1357. இடையில் 41 வருஷம். 1351இல் முகமது பின் துக்ளக் செத்ததும் அரண்மனையிலிருந்து தள்ளப்பட்டு, காசில்லாமல் கிழட்டு வயதில் எழுதினவர். அவருக்கு ஒரு நிலையான கோபம் உண்டு: கீழ்க்குலத்தாரும் அடிமைகளும் பதவிக்கு வந்தால் நாடு கெடும். கபூர் அந்தக் கோபத்துக்கு அளவெடுத்துத் தைத்த ஆள். அதே கபூரின் தெற்குப் படையெடுப்பைக் அந்தக் காலத்திலேயே எழுதிய கவிஞர் அமீர் குஸ்ரோவிடம் இந்தப் பேச்சு இல்லை. ஆனால் அவரும் அரண்மனைப் புகழ்ச்சிக்காரர், அவர் மௌனமும் சாட்சியாகாது. ஆக, அலாவுதீன் வெளியே.

அலாவுதீனின் மகன் குத்புதீன் முபாரக் ஷா–குஸ்ரோ கான் கதை வேறு. முபாரக் ஆண்டது 1316–1320. அதுவும் பரனிதான் என்றாலும், அந்த நாலு வருஷம் அவர் டில்லியில் வாழ்ந்த வாலிபர். ஊர் பேசினதைக் கேட்டிருப்பார். பதவிக் கணக்கும் ஒத்துவருகிறது: அடிமையாக வந்தவருக்கு வஜீர் (தலைமை அமைச்சர்) பதவி, மாபார் என்ற நம் தமிழ்ப் பகுதிக்குப் படைத்தலைமை. 1320இல் குஸ்ரோ கானே சுல்தானைக் கொன்று அரியணை ஏறினார், சில மாதத்தில் கியாசுதீன் துக்ளக் அவரைக் கொன்றார். துக்ளக் வம்சத்துக்குக் குஸ்ரோ கானைக் கேவலமாகக் காட்டவேண்டிய அவசியம் இருந்தது. இதையும் எழுதி, பாதி மதிப்பெண்.

கஜினி முகமது–அவர் அடிமை அயாஸ்: முகமது செத்தது 1030. பாட்டுகளில் வரும் உருகல் எல்லாம் பின்னால் சேர்ந்தது. போதையில் அயாஸின் கூந்தலை வெட்டச் சொன்ன கதை, நிஜாமி அரூஸியின் 12ஆம் நூற்றாண்டு நூலில் வருகிறது. நூறு வருஷத்துக்கும் மேல் இடைவெளி. அயாஸ் நிஜ ஆள், லாகூரை ஆண்டவர். காதல் கவிஞர்களுடைய சொத்து. வெளியே.

அம்மாபேட்டை தறி | 3 ஜூன், இரவு 8.55

பாபரை மட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது. அவர் தன் கையாலேயே எழுதியிருக்கிறார், சகாட்டாய் துருக்கி மொழியில். வயது 17ஐ ஒட்டி. புதுசாகக் கல்யாணமான ஆயிஷா சுல்தான் பேகத்தைப் பத்து, பதினைந்து, இருபது நாளைக்கு ஒருமுறை பார்க்கப் போவார். அதுவும் குறைந்து, அம்மா திட்டி அனுப்பினால்தான் போவார். அப்போது முகாம் கடைவீதியில் பாபுரி என்ற பையன்மேல் மனம் போகிறது. அதற்குமுன் யார்மேலும் அப்படி ஆனதில்லை என்கிறார். எதிரில் வந்தால் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒருநாள் சந்தில் நேருக்கு நேர் வந்துவிட, திணறிப்போய் ஒரு பாரசீக ஈரடியை நினைத்துக்கொண்டு நகர்கிறார். தலையில் ஒன்றுமில்லாமல், காலில் செருப்பில்லாமல் தெருவிலும் தோட்டத்திலும் திரிந்தேன் என்கிறார். அவ்வளவுதான். பேசினதாகக்கூட இல்லை.

அதே நூலில் பெரியப்பா சுல்தான் மகமூது மிர்சா பையன்களை வைத்திருந்ததைக் காறித் துப்புகிறார். தன் மனசுக்கு ஒரு நியாயம், ஊரார் நடத்தைக்கு ஒரு நியாயம். இந்த இரண்டையும் அடுத்தடுத்து அச்சிடுங்க. ஒன்றை மட்டும் போட்டால் அது பாபர் இல்லை.

ஆத்தூர் கிச்சிலி | 3 ஜூன், இரவு 9.10

செருப்பில்லாமல் திரிந்தது ஜூன் மாத சேலத்தில் இல்லை, பிழைத்தார்.

நாகலூர் மிளகு | 5 ஜூன், மாலை 5.50

இரண்டு நாளாக மலையில் மழை, டவர் விழுந்து எழுந்திருக்கிறது. விட்ட இடத்திலிருந்து.

சீனத்து ஐ பேரரசர் (ஆட்சி கி.மு. 7–1), அவர் அரண்மனை அதிகாரி டாங் சியான். தன் சட்டைக் கைமேல் தூங்குகிறவனை எழுப்ப மனமில்லாமல் அரசன் அந்தக் கையை வெட்டிக்கொண்டு எழுந்த கதை எல்லாருக்கும் தெரியும், அது பான் கூவின் ஹான் வரலாற்றிலேயே இருக்கிறது. அதைவிட எனக்கு முக்கியம் அதே நூலிலுள்ள கணக்கு. டாங் சியானுக்கு 22 வயதில் நாட்டின் உச்சப் படைப் பதவி. தங்கை அரசனின் துணைவி. மனைவிக்கும் அரண்மனையில் தங்க அனுமதி. ஐ தனக்குக் கட்டிய சமாதிக்குப் பக்கத்திலேயே இவனுக்கும் சமாதி கட்ட உத்தரவு. கி.மு. 1இல் ஐ சாகிறார். அதிகாரத்துக்கு வந்த வாங் மாங் பதவியைப் பிடுங்கிய அன்றே கணவனும் மனைவியும் தற்கொலை. செத்தது நிஜம்தானா என்று சவப்பெட்டியைத் தோண்டிப் பார்க்கிறார்கள். சொத்தை அரசு பறித்து விற்றது: 430 கோடி காசு.

பான் கூவும் அந்த ஆட்சியைக் குறைசொல்லி எழுதியவர்தான். ஆனால் அவர் கையில் அரண்மனைப் பதிவுகள் இருந்தன. எதிரி எழுதினாலும், விற்றதற்குக் கணக்கு கொடுத்தால் அதை எடுத்துக்கொள்ளலாம். முழு மதிப்பெண்.

ஹேட்ரியனுக்குக் காகிதமே வேண்டாம், கல் போதும். அவரோடு இருந்த அன்டினோவஸ், பித்தினியா நாட்டு (இன்றைய துருக்கி) கிளாடியோபோலிஸ் ஊர்ப் பையன். அக்டோபர் 130இல் நைலில் மூழ்கிச் சாகிறான். விபத்தா, தன்னையே பலி கொடுத்தானா என்று பழைய ஆசிரியர்களே முட்டிக்கொள்கிறார்கள். அந்த மாதம் முடிவதற்குள் செத்த இடத்தில் அன்டினோபோலிஸ் என்று நகரம். குடியேறினவர்களுக்கு வரிச் சலுகை, எகிப்தியப் பெண்களைக் கட்டிக்கொள்ளும் உரிமை. அங்கிருந்து செங்கடலுக்குப் பாதை போட்டு 137இல் கல் நட்டார்கள். பையனைக் கடவுளாக்கி, கிரேக்க நகரங்கள் அவன் முகத்தைக் காசில் அடித்தன. இன்றைக்கும் நூறு சிலை தேறும். பேரரசனைத் தவிர ரோமில் இவ்வளவு சிலை கிடைத்த முகங்கள் மிகக் குறைவு. காதல் இருந்ததா என்று இதற்குமேல் கேட்பவருக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பையனுக்கு மறுக்க வழி இருந்ததா என்பது வேறு கேள்வி, அதற்கு எந்தக் கல்லிலும் பதில் இல்லை.

குகை வாசகர் | 5 ஜூன், இரவு 9.00

மிளகு அண்ணா, அப்போ அலெக்சாண்டர்? அவர் நண்பன் ஹெபஸ்தியோன் சாவுக்கு 10,000 தாலந்து செலவுன்னு போட்டிருக்கே. அதுவும் கணக்குதானே?

நாகலூர் மிளகு | 5 ஜூன், இரவு 9.35

கணக்குதான், ஆனால் யார் எழுதின கணக்கு? ஹெபஸ்தியோன் செத்தது கி.மு. 324, எக்பட்டானாவில். நம் கையில் உள்ள டியோடரஸ், புளூட்டார்க், அர்ரியன் எல்லாரும் 300 முதல் 450 வருஷம் கழித்து எழுதியவர்கள். கூட இருந்தவர்களின் நூல்கள் அழிந்துவிட்டன, இவர்கள் அவற்றைப் படித்து எழுதினார்கள். ஒருவர் 10,000 என்றால் டியோடரஸ் 12,000க்கு மேல் என்கிறார். துக்கம் பெரிசு என்பதில் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். காதலர்கள் என்று பளிச்சென்று சொல்கிறவர்கள் இன்னும் பிந்தியவர்கள். எனக்கு மனசு சேர் என்கிறது, கை வெட்டு என்கிறது. "வெட்டியவை" என்று ஒரு பக்கம் வைத்து, அதில் முதல் ஆளாகப் போடு.

அம்மாபேட்டை தறி | 6 ஜூன், காலை 7.40

அதே பக்கத்தில் சிங்கநெஞ்சன் ரிச்சர்டு. 1187இல் பிரான்ஸ் மன்னன் பிலிப்புடன் ஒரே தட்டில் சாப்பிட்டு ஒரே படுக்கையில் படுத்தான் என்ற வரி மட்டும்தான் மூலதனம். அது ரிச்சர்டின் அப்பா இரண்டாம் ஹென்றிக்கு விட்ட அரசியல் செய்தி, "நாங்கள் இருவரும் சேர்ந்துவிட்டோம்" என்று. அந்தக் காலத்துக் குளிர் அரண்மனைகளில் படுக்கையைப் பகிர்வது விருந்தோம்பல், மரியாதை. பட்டியல்களில் அதிகம் வழுக்கி விழுகிற இடம் இதுதான்: படுக்கை என்ற சொல்லைக் கண்டதும் ஆதாரம் கிடைத்ததாகக் குதிக்கிறார்கள்.

நாகலூர் மிளகு | 6 ஜூன், இரவு 10.15

முதலாம் ஜேம்ஸ். பட்டியலிலேயே எனக்குப் பிடித்த முரண் இவர்தான். 1599இல் மகனுக்கு அரசாட்சி அறிவுரை எழுதுகிறார். ஒருக்காலும் மன்னிக்கக்கூடாத குற்றங்கள் என்று வரிசை போடுகிறார்: சூனியம், கொலை, கள்ள நாணயம், அதோடு ஆண்புணர்ச்சி. பதினைந்து வருஷம் கழித்து, ஆகஸ்ட் 1614இல், ஏப்தார்ப் மாளிகையில் ஜார்ஜ் வில்லியர்ஸைப் பார்க்கிறார்.

இனி படிக்கட்டை எண்ணு. 1614 கோப்பை ஏந்துபவர். 1615 படுக்கையறை அதிகாரி, நைட். 1616 குதிரைலாயத் தலைவர், வைகவுண்ட். 1617 ஏர்ல். 1618 மார்க்குவிஸ். 1623 பக்கிங்காம் டியூக். அரச ரத்தம் இல்லாத ஒருவருக்கு இங்கிலாந்தில் பல பத்தாண்டுகளாகக் கிடைக்காத டியூக் பட்டம், ஒன்பது வருஷத்தில். இத்தோடு நின்றிருந்தால் எட்வர்டு போலப் பாதிதான் கொடுத்திருப்பேன். ஆனால் கடிதங்கள் இருக்கின்றன, அரசன் கையெழுத்தில். ஒன்றில் வில்லியர்ஸைப் பிள்ளை என்றும் மனைவி என்றும் ஒரே மூச்சில் கூப்பிடுகிறார். நீ இல்லாமல் கைம்பெண் வாழ்க்கை வாழமாட்டேன் என்கிறார். சொந்தக் கையெழுத்து, பட்ட வரிசை, இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன. வில்லியர்ஸுக்கு மனைவியும் உண்டு, ஜேம்ஸே பாசமாக அவளை விசாரித்து எழுதுகிறார். ஏப்தார்ப்பில் சீரமைப்பு நடந்தபோது இருவர் அறைகளையும் இணைக்கும் வழி ஒன்று வெளிப்பட்டது. அதை அடைப்புக்குறிக்குள் போட்டால் போதும், ரிச்சர்டின் படுக்கை மாதிரி ஆகிவிடக்கூடாது. முழு மதிப்பெண்.

இங்கிலாந்தின் மூன்றாம் வில்லியம் வெளியே. 1697இல் பழைய நண்பர் பென்டிங்க், புது நண்பர் கெப்பல் விஷயத்தில் ஹேக்கிலும் லண்டனிலும் படையிலும் என்ன பேசுகிறார்கள் என்று அரசனுக்கே எழுதினார். வதந்தி இருந்தது என்பதற்கு அது முதல்தர ஆதாரம். வதந்தி நிஜம் என்பதற்கு இல்லை.

குகை வாசகர் | 7 ஜூன், காலை 9.20

21 பேரில் பெண் ஒரே ஒருத்தி. ஏன்?

அம்மாபேட்டை தறி | 7 ஜூன், இரவு 9.45

மிளகு அண்ணாவின் கஜானா முறைக்குள் பெண்கள் விழமாட்டார்கள், அதனால்தான். ஒரு ராணி தோழிக்கு மாகாணம் எழுதிக்கொடுப்பது அபூர்வம். அரசனின் மனைவியோ மகளோ என்றால் அவள் கையில் கஜானா சாவியே இல்லை. நிலப்பத்திரத்தை மட்டும் தேடினால் ஆண்கள் பட்டியல்தான் வரும். பெண்களுக்குக் கடிதம் தேடணும். கடிதமோ எரியும்.

ஸ்வீடன் ராணி கிறிஸ்டினா: 1626இல் பிறந்து, 1632இலேயே அப்பா போரில் செத்ததால் ராணி. கல்யாணம் வேண்டாம் என்று நின்று, 1654இல் முடியைத் துறந்து, கத்தோலிக்க மதம் மாறி ரோமுக்குப் போனவள். தோழி எப்பா ஸ்பாரே ஸ்வீடனில். பல நூறு மைல் தள்ளி இருந்து எழுதின கடிதங்கள் மிச்சம் இருக்கின்றன, உன்னை நேசிப்பதை நிறுத்தமாட்டேன் என்று. பட்டியலில் இவள் இல்லவே இல்லை. சேருங்க, முழு மதிப்பெண்.

ராணி ஆன் இருக்கிறாள், ஆனால் தோழி சாரா சர்ச்சிலின் கண்ணாடி வழியாக. இருவரும் மிசஸ் மார்லி, மிசஸ் ப்ரீமன் என்று பொய்ப்பெயர் வைத்துக்கொண்டு எழுதினார்கள். ராணிக்கும் பணிப்பெண் குடும்பத்துக்கும் இடையில் உயரம் தெரியக்கூடாது என்பதற்காக. ஆனின் கடிதங்களில் ஏக்கம் கொட்டிக்கிடக்கிறது. பிறகு சாராவின் இடத்துக்கு சாராவே கொண்டுவந்துவிட்ட உறவுக்காரி அபிகேல் மாஷம் வருகிறாள். 1708இல் ராணிக்கும் அபிகேலுக்கும் இராவேளைக் கள்ளக் காரியம் என்று லண்டனில் பாட்டு ஓடுகிறது. சாரா அதையே ராணியிடம் கடிதத்தில் குத்திக் காட்டுகிறாள். 1711இல் சாராவின் பதவிச் சாவிகள் பிடுங்கப்பட்டன. ராணியின் கடிதங்களை வெளியிட்டுவிடுவேன் என்று மிரட்டினவளும் அவளே. ஆக, சாராமேல் ஆனின் அன்பு: கையெழுத்து ஆதாரம். அபிகேல் கதை: தோற்ற தோழியின் வயிற்றெரிச்சல், கட்சிச் சண்டை. இரண்டையும் ஒட்டவைத்துவிட்டார்கள். பாதி.

அம்மாபேட்டை தறி | 7 ஜூன், இரவு 10.05

எரிந்த கடிதத்துக்கு ஒரு நல்ல கணக்கு. பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியின் தம்பி பிலிப், "மொசியூ". அவருடைய காதலர் செவாலியே டி லொரேன். மனைவி லிசலாட் ஜெர்மனியில் உள்ள உறவினருக்கு எழுதின ஆயிரக்கணக்கான கடிதங்களில் வீட்டுக்குள் நடந்ததெல்லாம் இருக்கிறது: யாருக்கு எவ்வளவு பணம் போனது, தன் வெள்ளிப் பாத்திரம் எங்கே போனது வரை. 1701இல் மொசியூ செத்ததும், அவரோடு இருந்த பையன்கள் அவருக்கு எழுதின கடிதக்கட்டுகளை, மற்றவர் கையில் சிக்கக்கூடாது என்று இவளே எரிக்கிறாள். எரித்ததையும் எழுதிவைக்கிறாள். மனைவி சாட்சி சொல்வது ரொம்ப அபூர்வம். பட்டியலில் அரசன் இல்லை என்று விட்டிருக்கிறார்கள். அரச குடும்பம்தானே, சேருங்க.

ஆத்தூர் கிச்சிலி | 8 ஜூன், காலை 6.15

ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதி, அதில் ஒன்றில் "கடிதத்தை எரித்துவிட்டேன்" என்று எழுதுகிற பெண்மணியை வணங்குகிறேன்.

பிரெடரிக்கை யாரும் எடுக்கவில்லையே?

நாகலூர் மிளகு | 8 ஜூன், இரவு 9.30

எடுக்கிறேன். இளவரசனாக இருந்தபோது நண்பன் காட்டேயுடன் ஓடிப்போகப் பார்த்து மாட்டிக்கொண்டார். 6 நவம்பர் 1730இல் கியூஸ்ட்ரின் கோட்டையில் காட்டேயின் தலை போனது, இளவரசன் அங்கே கைதி. பட்டியல் இதைக் காதல் கொலை என்கிறது. தீர்ப்பு படையிலிருந்து ஓடியதற்கு. 1740இல் அரசனானதும் பணியாள் பிரெடர்ஸ்டார்புக்கு ட்செர்னிக்கோ பண்ணையைக் கொடுத்தார். இருவர் கடிதங்களையும் படித்தால் காதல் வசனம் கிடைக்காது. மூலம், காய்ச்சல், எந்த வைத்தியனை நம்பாதே என்ற புலம்பல்தான் பக்கம் பக்கமாக. ஓரிடத்தில், மதியம் குதிரையில் அந்தப் பக்கம் வருகிறேன், ஜன்னலில் வந்து நில், பார்க்கவேண்டும். ஆனால் ஜன்னலைத் திறக்காதே, அறையில் கணப்பு நன்றாக எரியட்டும் என்கிறார். எனக்கு இது நூறு காதல் கவிதைக்குச் சமம். ஆனாலும் பாதிதான் போடுவேன். வம்பில் பெரும்பங்கு பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேருடையது, அவர் அரசனோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறினவர்.

ஒரு கொசுறு. 1747இல் பிரெடரிக் ஒரு கிரேக்க வெண்கலப் பையன் சிலையை வாங்கித் தன் நூலக ஜன்னலிலிருந்து தெரியும்படி சான்சூசி மாளிகையில் வைத்தார். அந்தக் காலத்தில் அது அன்டினோவஸ் என்று சொல்லப்பட்டது. இன்றைக்கு அப்படிக் கருதுவதில்லை. யார் என்று நினைத்து வாங்கினார் என்பதுதான் நமக்கு வேண்டியது.

பவேரியாவின் இரண்டாம் லுட்விக்குக்கு அதிகம் எழுதவேண்டாம். சொந்த நாட்குறிப்பிலேயே ஆண்கள்மேல் வந்த ஆசையோடும் அதை அடக்கச் செய்த சத்தியங்களோடும் மல்லுக்கட்டுகிறார். முழு மதிப்பெண்.

அம்மாபேட்டை தறி | 9 ஜூன், இரவு 8.10

முவாங்காவில் கவனம். புகாண்டா அரசர், 1884இல் பதவிக்கு வந்தவர், பையன் வயது. 1885–87இல் கிறிஸ்தவர்கள் 45 பேரைக் கொன்றார், பலரும் அரண்மனைப் பணிப்பையன்கள். ஜூன் 3, 1886 நமுகோங்கோவில் பெரிய கூட்டமாக எரிக்கப்பட்டார்கள். அரசனின் ஆசைக்கு இணங்க மறுத்ததால் என்பது மிஷனரிகளின் எழுத்து. அவர்கள் ஒரு தரப்பு. ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் நிலத்தைப் பிடித்துவரும் நேரம், அரசனைவிட வேதத்துக்குக் கட்டுப்படும் அரண்மனைப் பிள்ளைகள், இதெல்லாமும் சேர்ந்தது. பாதி மதிப்பெண் போட்டு, "காதல்" என்ற தலைப்பின் கீழ் இது பொருந்தாது என்று ஒரு வரி எழுதுங்க. மறுத்தவனைக் கொன்றவன் கதையைக் காதல் பட்டியலில் சேர்ப்பது பட்டியல்காரரின் மூளை.

ஆத்தூர் கிச்சிலி | 9 ஜூன், இரவு 8.40

நம்ம பக்கம் ஒருத்தர்கூட இல்லையா? கோப்பெருஞ்சோழன்–பிசிராந்தையார்?

நாகலூர் மிளகு | 10 ஜூன், காலை 7.30

வரும் என்று தெரியும். புறநானூற்றில் உள்ளது இவ்வளவு: சோழன் மகன்களோடு பகைத்து வடக்கிருக்கிறான். பாண்டிநாட்டுப் பிசிரூர்க்காரர் ஆந்தையார், பல ஆண்டு கேள்விப்பட்டதோடு சரி, நேரில் பார்த்ததே இல்லை. வரமாட்டார் என்கிறவர்களிடம் சோழன் சொல்கிறான்: "இன்னே வருகுவன், ஒழிக்க, அவற்கு இடமே." வந்தார், கூடவே உயிர்விட்டார். இடம் ஒதுக்குவது நான் முதல் நாள் சொன்ன கல்லறைச் சாட்சிதான். ஐ பேரரசரும் அதைத்தான் செய்தார். அப்படியிருந்தும் பட்டியலில் சேர்க்கமாட்டேன். சேர்ந்து வாழ்ந்ததில்லை, உடல் நெருக்கம் பற்றி யாரும் பேசவில்லை, பாடினவர்கள் எல்லாரும் நட்பு என்றே பாடினார்கள். உயிர் கொடுக்கிற நட்பை அந்தக் காலம் பெரிதாகக் கொண்டாடியது, பாரி செத்தபின் கபிலர் வடக்கிருந்ததும் அந்த வரிசை. இதைக் காதல் என்று மாற்றிப் போடுவதும், ஐ பேரரசர் விஷயத்தில் வெறும் நட்பு என்று சாதிப்பதும் ஒரே வேலைதான். ஒரு பக்கம் தனியாகக் கொடு, மதிப்பெண் இல்லாமல்.

தருமபுரி, செங்கம் பக்கத்து நடுகற்களில் இப்படி ஜோடி தேடிக் கிளம்பாதே கிச்சிலி. அவை பெரும்பாலும் ஆநிரைச் சண்டையில் செத்தவர்களுக்கு நட்டவை.

குகை வாசகர் | 10 ஜூன், இரவு 10.20

தொகுத்துட்டேன். முழு வட்டம்: ஐ, ஹேட்ரியன், பாபர், ஜேம்ஸ், கிறிஸ்டினா, மொசியூ, லுட்விக். அரை வட்டம்: எட்வர்டு, முபாரக் ஷா, ஆன், பிரெடரிக், முவாங்கா. மொத்தம் 12, ஆளுக்கு 2 பக்கம், 24. மிச்சம் 8 பக்கத்தில் தலைப்பு, முன்னுரை, "வெட்டியவை", கோப்பெருஞ்சோழன். பச்சை மஞ்சள் நிறம் போடலாம்னு பார்த்தேன், கருப்பு அச்சுதான் கட்டுப்படியாகும், அதனால வட்டம். ராஜ்பிப்ளா இளவரசரை எங்கே வைக்க?

அம்மாபேட்டை தறி | 11 ஜூன், காலை 8.00

பின்னட்டை உள்பக்கம். மானவேந்திர சிங் கோஹில் 2006இல் தானே பத்திரிகையில் சொன்னவர், இவருக்கு வட்டம் போடும் வேலை நமக்கில்லை. அவர் சொன்னபோது தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு உயிரோடு இருந்தது என்பதை மட்டும் எழுதுங்க. 2009இல் டில்லி உயர்நீதிமன்றம் தளர்த்தி, 2013இல் உச்சநீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்து, 6 செப்டம்பர் 2018இல்தான் வயதுவந்தோர் சம்மத உறவு குற்றம் இல்லை என்றானது. கல்யாண உரிமை 2023 அக்டோபர் தீர்ப்பில் கிடைக்கவில்லை.

நாகலூர் மிளகு | 11 ஜூன், இரவு 9.50

அச்சு விஷயம்: ஏ4 தாள் 8, இரண்டு பக்கமும் அடித்து நடுவில் மடித்தால் 32 பக்கம். பக்க எண்ணிக்கை நாலின் மடங்காக இருக்கவேண்டும். 33 ஆனால் இன்னொரு தாள், மூன்று பக்கம் வெறுமை. 11 புள்ளி எழுத்தில் ஒரு பக்கத்துக்கு 200 சொல்லுக்கு மேல் திணிக்காதே. ஒவ்வொருவருக்கும் முதல் வரியில் மூன்று எண் வரட்டும்: அவர் செத்த ஆண்டு, சாட்சி எழுதிய ஆண்டு, இடைவெளி. முபாரக் ஷாவுக்கு 1320, 1357, 37. பாபருக்கு இடைவெளி இல்லை, "தானே" என்று போடு. ஜேம்ஸுக்கும் அப்படியே.

குகை வாசகர் | 11 ஜூன், இரவு 10.05

சரிண்ணா. இன்னொண்ணு, நெதர்லாந்துப் பிரதமர் ஒருத்தர் ஏதோ சொன்னாரே, அது நிஜமா?

அம்மாபேட்டை தறி | 11 ஜூன், இரவு 10.30

நிஜம். அக்டோபர் 2021, அப்போதைய பிரதமர் ருட்டே. பட்டத்து வாரிசு தன் பாலினத்தவரைக் கட்டிக்கொண்டாலும் அரியணை உரிமை போகாது என்றார். பிறக்கும் பிள்ளைக்கு வாரிசு உரிமை உண்டா என்பதை மட்டும் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பின்னட்டையில் மூன்று வரி இடம் இருந்தால் போடுங்க, இல்லாட்டி விடுங்க.